முத்தி வரிசையில் பிரேக் மேடம்

“கிளட்ச் மேல என்ன கோவம் சார்? மெதுவா மிதிங்க.” சொல்லிக்கொண்டே தன் பக்கத்து பிரேக்கை அழுத்திவிடுவார். வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் ஹாரன் அடிப்பவரை நோக்கித் தலையை நீட்டி, “நீங்க பொறக்கும்போதே லைசென்ஸோட பொறந்தீங்களா?” என்று விசாரிப்பார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பெயர் பிரேக் மேடம். நான் அவரிடம் கார் கற்றுக்கொள்கிறேன். இன்னும் கற்றுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். டாஷ்போர்டில் எப்போதும் வறுத்த கடலை. பயப்படுகிறவர்களுக்கு ஒரு பிடி கொடுப்பார். வாய் நிறைய இருந்தால் அலற முடியாதாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், அடுத்த சந்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிடுவார்.

மேடத்தோடு சின்ன வயதில் ஒரே வகுப்பில் படித்த நண்பர் ஒருவருக்கு இந்த மாதம் கத்தோலிக்கக் குருப்பட்டம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி என் காதே தேய்ந்துவிட்டது. “சாமியாராப் போறேன்னதும் அவங்கப்பா கதவைச் சாத்திட்டாரு சார். நான்தான் வண்டியில கொண்டுபோய் குருமடத்துல இறக்கிவிட்டேன். வழியெல்லாம் அழுதான். கடலை குடுத்தேன்.”

பட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க வெளியூர் விருந்தாளிகளை ரயிலடியிலிருந்து ஏற்றிவந்தவரும் மேடம்தான். ஏவியவர் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர். அதே செயலாளர், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே ஜன்னலில் குனிந்து சொன்னார்: “பூசைக்கு வாம்மா, பின்னால உக்காரு. முத்தி வரிசையில மட்டும் நிக்காத. கல்யாணமாகாத பொண்ணு, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. சாமி பேரு கெடக்கூடாது பாரு.”

குருப்பட்டத்தன்று ஆயர், அதாவது பிஷப், புதுக் குருவின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசுவார். பூசை முடிந்ததும் சனங்கள் வரிசையாக வந்து அந்தக் கைகளை முத்தமிட்டு, அதாவது முத்தி செய்து, முதல் ஆசீர் வாங்குவார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட வாங்கலாம். உயிர்த்தோழி வாங்கக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயிலடிக்கு அலைய விட்டபோது அந்த நாலு பேர் எங்கே போயிருந்தார்கள்? நானும் அவர்களை வெகுகாலமாகத் தேடுகிறேன். எப்போதும் ஒருவர்தான் அகப்படுகிறார்.

நான் தப்பாகக் கியர் மாற்றியபோதுகூட மேடம் திட்டவில்லை. திரும்பும் வழியில், “அவன் முகத்தைப் பாத்து ஒரு வாழ்த்து சொல்லக்கூட எனக்கு ஆகாதா சார்?” என்றார்.

பட்டத்தன்று நானும் போயிருந்தேன். கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் மேடம். ஆயர் நண்பரின் தலைமேல் கை வைத்தபோது அழுதார். பூசை முடிந்து வரிசை தொடங்கியதும் எழுந்து நேராகப் போய், மாலையோடு நின்ற செயலாளருக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“என்னம்மா, சொன்னேன்ல?” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“கேட்டுச்சு சார்,” என்றார் மேடம்.

முறை வந்தது. முழங்காலிட்டார். “எங்கடா ஆளக் காணோமேன்னு பாத்துட்டே இருந்தேன்,” என்றார் புதுக் குரு, தலைமேல் கை வைத்து. நீட்டிய கைகளை மேடம் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் முத்தி செய்தார். பிறகு எழுந்து, கைக்குட்டையை எடுத்து, அந்த இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் துடைத்துவிட்டு, “இனி பேரு கெடாது சார்,” என்று செயலாளருக்கு வழிவிட்டார்.