பதினேழு கிலோ நாற்காலி

நான் பாத்திரக்கடைக்காரன். சேலம் சின்னக்கடைவீதிப் பக்கம் நாற்பது வருடத்துக்கும் மேலாகக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் சரக்கைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி. கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் வெறும் தகடு. அண்டாவோ குத்துவிளக்கோ எவர்சில்வர் தட்டோ, எல்லாவற்றுக்கும் இதுதான் அளவு. இந்த ஒரு அளவை வைத்துக்கொண்டு உலகத்தையே எடை போட்டுவிடலாம் என்று நினைத்த மடையன் நான். ஆனால் இப்போது சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. என் மனைவி வஹீதுன்னிசாவைப் பற்றி.

வஹீதா நாமக்கல் பெண். அவளுடைய அத்தா அங்கே லாரிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். பத்தொன்பது வயதில் என்னைக் கட்டிக்கொண்டு சேலம் கோட்டைப் பகுதியில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதமே கடை வேலை அவள் தலையில் விழுந்தது. பாத்திரம் வாங்குகிறவர்கள் அதில் பேர் வெட்டித் தரச் சொல்வார்கள். சீர்ப் பாத்திரம் என்றால் பெண்ணின் பேர், மாப்பிள்ளை பேர், தேதி எல்லாம் வேண்டும். எங்களிடம் பேர் வெட்டிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று நின்றுவிட்டான். வஹீதாவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் சின்ன உளியையும் சுத்தியலையும் கொடுத்து, வெட்டிப் பார் என்றேன். ஒரு சொம்பை வீணாக்கினாள். இரண்டாவது சொம்பில் அந்த ஆளைவிட அழகாக வெட்டினாள்.

அதிலிருந்து பதினாறு வருடம் அவள்தான் வெட்டினாள். சமையல் முடிந்ததும் கூடத்தில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவாள். கல்யாண மாதங்களில் ஒரு நாளைக்கு எண்பது, நூறு பாத்திரம் போகும். இம்தியாஸ், இர்பானா, ரிஹானா, மூன்று பிள்ளைகளும் அந்த டக் டக் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தார்கள். தம்மம்பட்டி வரைக்கும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இவள் எழுத்து இருக்கிறது. பிறகு கரண்டில் ஓடும் மிஷின் வந்தது, கடையிலேயே ஆள் வைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் விரல் கணுக்கள் வீங்கிப் போயிருந்தன. காலையில் குழாயைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். அவள் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் வெந்துவிடுமா என்ன? கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் சஹன் சாப்பாடு. சஹன் என்றால் பெரிய வட்டத் தாம்பாளம். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒன்றிலேயே கை வைத்துச் சாப்பிடுவது. எங்கள் சஹன் செம்பில் ஈயம் பூசியது, ஆறு கிலோ கனம், என் கடையிலேயே தூக்கிப் பார்த்து எடுத்தது. எனக்கு இந்தப் பக்கம், உனக்கு அந்தப் பக்கம் என்று பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்களே என்று வஹீதா அதன் விளிம்பில் ஐந்து பேரின் பெயரையும் வெட்டி வைத்தாள். அவரவர் பெயருக்கு எதிரே அவரவர் உட்கார வேண்டும். மற்ற நாளெல்லாம் எங்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள், அந்த ஒரு வேளை மட்டும் எங்களோடு உட்காருவாள். தன் பக்கத்துக் கறித்துண்டை ரிஹானா பெயருக்கு முன்னால் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பாள். இம்தியாஸ் அதைக் கண்டுபிடித்துச் சண்டை போடுவான். வாரம் முழுக்க அவள் சிரித்து நான் பார்த்தது அந்த அரைமணி நேரம்தான்.

ஐம்பது வயதில் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பாயில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் இம்தியாஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அடுத்த வாரத்திலிருந்து சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அந்த வருடம்தான், இரண்டாயிரத்துப் பதினான்கு, கொண்டலாம்பட்டிப் பக்கம் புது வீடு கட்டி முடித்தோம். அந்த வீட்டுக்கு அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்னங்க, ஒரு டைனிங் டேபிள் போட்டுடலாங்க. நானும் உங்க எல்லார்கூடவும் உக்காந்து சாப்பிடுவேன்.”

கேட்டுவிட்டாளே, விடுவேனா? சேலத்தில் ஒரு கடை பாக்கி வைக்கவில்லை. பளபளவென்று கண்ணாடி மாதிரி மேசைகள். நாற்காலியை ஒரு விரலால் தூக்கினேன், மேலே வந்துவிட்டது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையை மரம் என்று விற்கிறாயே, உனக்கே நியாயமா என்று ஒரு கடைக்காரனிடம் சத்தமே போட்டுவிட்டேன். கூட வந்த இர்பானா வெட்கப்பட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் புதுச்சத்திரத்தில், நாமக்கல் ரோட்டோரம் மரப்பட்டறை வைத்திருந்த காளியப்பனிடம் போனோம். நல்ல வேலைக்காரர். தேக்கில் செய்த நாற்காலி ஒன்றும் வேங்கையில் செய்த நாற்காலி ஒன்றும் மாதிரிக்குப் போட்டிருந்தார். சாப்பாட்டு மேசைக்குத் தேக்கே போதும், வேங்கை ரொம்பக் கனம், புழங்கக் கஷ்டம் என்று அவர் சொன்னார். கனம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது விடைத்துவிட்டது. அகலமான கை வைத்த அந்த வேங்கை நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினேன். மூச்சு வாங்கியது. பக்கத்து இரும்புக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்து நிறுக்கச் சொன்னேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பதினேழு கிலோ. தேக்கு நாற்காலி ஒன்பதரைதான். வேங்கையில் மேசையும் எட்டு நாற்காலியும் போடுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வஹீதா தேக்கு நாற்காலியின் முதுகைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேங்கை நாற்காலிக்கு வந்து இழுத்தாள். விட்டுவிட்டாள்.

“ஏனுங்க, இதைவிட லேசா ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று காளியப்பனிடம் கேட்டாள்.

என்னைத் தாண்டிப் பட்டறைக்காரரிடம் கேட்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: “லேசா வேணும்னா உன் பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கே, அதுலயே உக்காந்துக்க.”

காளியப்பன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே குனிந்துகொண்டார். வஹீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்தாள். ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கால்வலி போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேசை வந்து இறங்கிய நாளில் தெருவே வந்து பார்த்தது. ஆறு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்தார்கள். நான் முதல் வேலையாக ஒரு சட்டம் போட்டேன். புது டைல்ஸ், கீறல் விழும், நாற்காலியை யாரும் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இம்தியாஸ் தூக்கினான், பெண் பிள்ளைகள் இரண்டு பேராகத் தூக்கினார்கள். வஹீதாவுக்கு இர்பானா நாற்காலியை நகர்த்தி உட்கார வைத்து, முன்னால் தள்ளி விடுவாள். மகாராணி எழுந்தருளிவிட்டாள் என்று நான்கூடக் கேலி செய்தேன். ஆனால் சாப்பாட்டு நடுவில் வஹீதா எத்தனை தடவை எழுந்திருப்பாள்! தண்ணீர், ஊறுகாய், ஒருத்தனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு. ஒவ்வொரு தடவையும் இர்பானா சாப்பிட்ட கையோடு எழுந்து நாற்காலியைத் தூக்க வேண்டும், மறுபடி தள்ள வேண்டும். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள், புள்ளைய நிம்மதியாச் சாப்பிட விடமாட்டியா என்று கத்திவிட்டேன்.

மறுநாள் மதியம் வஹீதா சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தட்டு மடியில் இருந்தது. ஏன் என்றதற்கு, பரிமாற இதுதான் வசதி என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இவளுக்காக ஊர் ஊராக அலைந்து, இரும்புக்கடைத் தராசில் நிறுத்து, மரத்துக்கு மரம் தட்டிப் பார்த்து வாங்கியது நான். இவள் என்னவென்றால் அடுப்படியே கதி என்று கிடக்கிறாள். திமிர் என்று நினைத்தேன். சொல்லவும் சொன்னேன். இரண்டு மாதம் சாப்பாட்டு நேரத்தில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சஹன் சாப்பாடும் நின்றுபோனது. அந்த நாற்காலிகளின் கைகள் மேசையில் முட்டும், ஐந்து பேர் ஒரு தட்டைச் சுற்றி நெருங்க முடியாது. ஆளுக்கொரு தட்டு வந்தது. சஹனைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள் வஹீதா. இம்தியாஸ்தான் ஏணியில் நின்று வாங்கி வைத்தான்.

இர்பானாவுக்கு ஆத்தூரில் நிக்காஹ் முடிந்தது. இம்தியாஸ் ஷார்ஜா போனான். ஏழு வருடத்துக்கு முன்னால் ரிஹானாவையும் ஈரோட்டில் கட்டிக்கொடுத்தோம். எட்டு நாற்காலியில் நான் ஒருவன் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் உள்ளே சாப்பிட்டாள். நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான்.

இந்த வருடம் மாசியில் கடையில் ஸ்டூலிலிருந்து விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை வஹீதா மேசையில் இட்லியை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போயிருந்தாள். நாற்காலியை இடது கையால் இழுத்தேன். அசையவில்லை. தூக்கினேன், முடியவில்லை. காலை வைத்து நெம்பி, இடுப்பால் தள்ளி, எப்படியோ ஓர் இடைவெளியில் நுழைந்து உட்கார்ந்தேன். மேசை எட்டவில்லை. முன்னால் நகர்த்த முடியவில்லை. எட்டி எடுத்த இட்லி சட்னியோடு கைலியில் விழுந்தது. அறுபத்தாறு வயதில், என் வீட்டில், நான் நிறுத்து வாங்கிய நாற்காலியில் குழந்தை மாதிரி மாட்டிக்கொண்டு வஹீதா என்று கத்தினேன்.

அவள் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சமையலறைக்குப் போய் பிளாஸ்டிக் நாற்காலியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து மேசையருகே போட்டாள்.

“இதுல உக்காருங்க. இது லேசு.”

அந்த லேசு என்ற சொல் எங்கே போய் இடித்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். புதுச்சத்திரம் பட்டறை, தராசு, வேடிக்கை பார்த்த ஜனம், எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. அவள் விரல்களைப் பார்த்தேன். கணுவுக்குக் கணு வளைந்திருந்தது. என் கடைப் பாத்திரம் வெட்டி வளைந்த விரல். முறிந்த கையோடு ஒரே ஒரு நாள் என்னால் முடியவில்லை. இவள் பதினோரு வருடம் முடியாமலேயே இருந்திருக்கிறாள், அதற்கு நான் திமிர் என்று பேர் வைத்திருக்கிறேன்.

“அன்னைக்கு இதுக்குத்தான் கேட்டியா?” என்றேன்.

“எப்பவோ நடந்ததுங்க. சாப்பிடுங்க, ஆறிப்போகுது.”

அன்றே காளியப்பனுக்குப் போன் போட்டேன். லேசாக இரண்டு நாற்காலி வேண்டும், கை இல்லாமல், என்றதும் அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தம்மா அப்பவே கேட்டாங்களே பாய் என்றார். ஒரு தடவை வந்துபோன பட்டறைக்காரருக்கு ஞாபகம் இருக்கிறது. கூடவே படுத்து எழுந்த எனக்கு இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு நாற்காலிகள் வந்தன. எடை போடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து சஹனை இறக்கினேன். வஹீதா நெய்ச்சோறும் கறி போட்ட தாளிச்சாவும் ஆக்கியிருந்தாள். சஹனைப் புளி போட்டுக் கழுவி, சோற்றைக் கொட்டி, மேசை நடுவில் வைத்தாள். தன் நாற்காலியைத் தானே இழுத்து, தானே உட்கார்ந்து, தானே நெருங்கிக்கொண்டாள்.

சோற்றைப் பழைய வழக்கத்தில் விளிம்பு வரைக்கும் பரப்பியிருந்தாள். என் பெயருக்கு முன்னால் நான் சாப்பிட்டேன், அவள் பெயருக்கு முன்னால் அவள். அவள் கை கறித்துண்டை எடுத்து ரிஹானா பெயரை நோக்கித் தள்ளியது. பாதியில் நின்றது.

பொறுக்க முடியாமல் சொன்னேன், பெருநாளைக்கு மூன்று பேரையும் வரச் சொல்கிறேன், மறுபடி எல்லாரும் சஹனில் சாப்பிடலாம், உன்னை நான் ரொம்பப் படுத்திவிட்டேன் என்று. அவள் என் முகத்தைப் பார்க்காமல் அந்தத் துண்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“வருவாங்க. ஆனா தனித்தனித் தட்டுதானுங்க கேப்பாங்க. ரிஹானா மக இன்னொருத்தர் கை பட்ட சோத்தத் தொடவே மாட்டா. அவங்கம்மா இந்த மேசையில பழகினதுதானே.”

இரண்டு பேரும் அவரவர் பங்கைச் சாப்பிட்டு முடித்தோம். இம்தியாஸ், இர்பானா, ரிஹானா என்று வெட்டியிருந்த பக்கமெல்லாம் சோறு பரப்பினபடியே இருந்தது. வஹீதா எழுந்து, அதை வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தாள்.