மாடி வீட்டு ஊறுகாய் பாட்டில்

அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர், வீட்டுக்கு வந்து சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலே எதிர் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். திருப்பரங்குன்றத்தில் நாங்கள் இருந்தது காம்பவுண்டு வீடு. கீழே மூன்று குடும்பம், மாடியில் ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

அந்த வருடம் அப்பாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை பாதி வேலைதான் செய்யும் சார். மீதி உங்க கையில இருக்கு. கோவத்தைக் குறைங்க. தினமும் யாருக்காவது சின்னதா ஒரு உதவி பண்ணிப் பாருங்க. மனசு லேசாகும், பிரஷரும் இறங்கும்" என்றார். அம்மாவுக்கு அதைக் கேட்டதும் தெய்வவாக்கு போல ஆகிவிட்டது. அவளுடைய அப்பா இதே பிரஷரில்தான் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தார். அந்தப் பயம் அவளை விட்டுப் போனதே இல்லை.

மருந்து விஷயத்தில் அப்பா ஒழுங்கானவர். உதவியையும் மாத்திரை மாதிரியே வைத்துக்கொண்டார். காலையில் சாப்பிட்டதும் ஒன்று, ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று. ஆனால் அவர் உதவி செய்யும் அழகு இருக்கிறதே! எதிர் வீட்டு அக்கா குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தால், "கீழ வையி! நான் தூக்குறேன்ல?" என்று ஒரு அதட்டல். அக்கா பதறிப்போய்க் குடத்தையே போட்டுவிட்டார். அப்பா கம்பெனிக் குடம் என்பதால் உடையவில்லை.

ஒரு நாள் காலையில் அப்பா என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் பெரிய பையோடு நின்றிருந்தார். அப்பா வண்டியை நிறுத்தினார்.

"எங்க போகணும்?"

"திருமங்கலம்ணே. ஆனா..."

"ஏறுங்க. கப்பலூர்ல விட்டுர்றேன், அங்கருந்து பக்கம்தான்."

"இல்லண்ணே, சம்சாரம்..."

"சம்சாரத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன், ஏறுய்யா!"

அப்பாவின் குரலுக்கு மறுபேச்சு பேச அந்த மனிதருக்குத் தைரியம் வரவில்லை. ஏறிவிட்டார். வழியெல்லாம் "அண்ணே... அண்ணே..." என்று என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்த அப்பா, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று வண்டியை முறுக்கினார். திருநகர் தாண்டி ஒரு லாரிக்காக நின்றபோதுதான் அவர் அழாத குறையாகச் சொன்னார்: "என் சம்சாரம் அங்க பூ வாங்கப் போயிருக்குண்ணே. போன் அது கையில. பஸ்ஸுக்குக் காசு இந்தப் பையில."

திரும்பிப் போனோம். பஸ் ஸ்டாப்பில் ஒரு கூட்டமே கூடியிருந்தது. நடுவில் கையில் பூவோடு அந்த அம்மா. புருஷனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தார்.

"உதவி செய்யுங்கன்னு உங்களை யாருங்க கேட்டா? யாராச்சும் கேட்டாங்களா?"

எனக்குத் தெரிந்து அப்பா கத்தாமல் வண்டியைத் திருப்பியது அந்த ஒரு தடவைதான். எனக்கோ கொண்டாட்டம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதல்லவா! அப்பா வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"இனி எவனுக்கும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட மாட்டேன். மாத்திரையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். அழுகையைக் கண்டு அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "தானா வந்து கேட்டா செய்றேன். நானாப் போக மாட்டேன்."

அப்பாவிடம் யார் வந்து கேட்பார்கள்? அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் எங்கள் வாசலைத் தாண்டவே காம்பவுண்டில் யோசிப்பார்கள். அன்று சாயங்காலம் அம்மா சர்க்கரை வாங்கி வருவதாகச் சொல்லி டம்ளரோடு கிளம்பினாள். எதிர் வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு என்று எல்லா வீட்டுக்கும் போய்விட்டு வந்தாள். வந்தபோது டம்ளர் காலியாகவே இருந்தது. எந்த வீட்டிலும் சர்க்கரை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாடி வீட்டு அத்தை ஊறுகாய் பாட்டிலோடு இறங்கி வந்தார். அவர்கள் வீட்டுக்குள் சௌராஷ்டிரா பேசுவார்கள், எங்களிடம் சுத்தமான மதுரைப் பேச்சு. "அண்ணே, இந்த மூடி திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாக்குறீங்களா?" அப்பா வாங்கிப் பல்லைக் கடித்துத் திருகினார். டப்பென்று திறந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதன் பிறகு எங்கள் காம்பவுண்டு ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி போடத் தெரியாமல் வந்து நின்றார். எதிர் வீட்டு அக்கா பரண் மேலிருந்து குத்துவிளக்கை இறக்கித் தரக் கேட்டார், இரண்டு நாளில் அதையே மேலே ஏற்றித் தரக் கேட்டார். அத்தை வாரம் தவறாமல் பாட்டிலோடு வந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரசத்தில் உப்பு கூடினால்கூடச் சத்தம் போடாமல் சாப்பிட்டார். "நான் இல்லேன்னா இந்தக் காம்பவுண்டு என்ன ஆகும்?" என்று அம்மாவிடம் சிரிப்பார். டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிரஷர் நன்றாக இறங்கியிருக்கிறது என்றபோது, அம்மா அங்கேயே கும்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்க மாடிக்குப் போனேன். அடுப்படியில் அத்தை ஊறுகாய் பாட்டிலை இடுப்பில் இடுக்கி, மூடிமேல் துணியைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டரைத் தனியாளாக மாடிக்குத் தூக்கி வருகிறவர் அவர். இரண்டு நிமிடம் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"அத்தை, அந்தப் பக்கம் திருகுனா இன்னும் இறுகிரும். இந்தப் பக்கம் திருகணும்."

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவிடம் அவர்கள் பேச்சில் என்னவோ சொன்னார். மாமா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அத்தை என் கன்னத்தைத் தடவி, "எனக்கு எப்பவும் பக்கம் மாறிப் போயிருது கண்ணு. அப்பாக்கிட்ட சொல்லிராத, என்ன?" என்றார்.

இம்புட்டுப் பெரிய மனுஷிக்கு ஒரு மூடி திறக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே பாவமாகிவிட்டது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

அவர் பின்னாலேயே கீழே இறங்கி வந்தேன். அப்பா முகம் சிவக்கத் திருகினார். அன்றைக்கு என்றுமில்லாத இறுக்கம். கடைசியில் டப்பென்று திறந்தது.

"எம்புட்டு இறுக்கமா மூடியிருக்கு பாரு தங்கச்சி!"

"நீங்க இல்லேன்னா இன்னிக்கு எங்களுக்கு ஊறுகாயே கிடையாதுண்ணே."

சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயை இறுக மூடிக்கொண்டு அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். டாக்டரம்மா சொன்னது உண்மைதான், மனசு அப்படியே லேசாகிவிட்டது. அத்தைக்கு மூடி திறக்கத் தெரியாது என்பதை அந்தக் காம்பவுண்டை விட்டு வரும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை.