ரெகொபோத் அக்கா

தையல்காரியை இன்று எல்லோரும் 'ரெகொபோத் அக்கா' என்கிறார்கள். அந்தப் பெயரைக் கொண்டுவந்து கொடுத்த மனிதர், ஏன்தான் கொடுத்தோமோ என்று இன்றுவரை நொந்துகொள்கிறார்.

அவர் அவளுடைய கணவனின் அண்ணன். வீட்டில் பாதி தம்பியுடையது என்பது தெருவுக்கே தெரியும். தம்பி செத்ததும் அவருக்கு மட்டும் மறந்துபோயிற்று. அவள் முன்னறையில் மெஷினைப் போட்டாள். "வாடகைக்கு விடணும்" என்றார், காலி செய்தாள். மாடிப்படிக்கு அடியில் போட்டாள். "வழியை அடைக்குது" என்றார், அதையும் விட்டாள். பின்பக்கம் பாழாய்க் கிடந்த கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, தகரம் மாற்றி, விளக்குப் போட்டாள். துணி வந்து குவிந்தது. அவ்வளவுதான், அதன் மேலும் அவருடைய கண் விழுந்துவிட்டது.

ஆனால் அவர் சபையில் வேதம் வாசிக்கிறவராயிற்றே, சும்மா போகச் சொல்வாரா? ஒரு பலகையோடு வந்தார். மேலே 'ரெகொபோத்' என்று எழுதியிருந்தது. கீழே 'அன்பளிப்பு' என்று அவருடைய பெயர், அதைவிடக் கொட்டை எழுத்தில்.

"கடைத்தெருவுல ஒரு இடம் பாரும்மா, அங்க இதை மாட்டு. விசாலமான இடம்னு அர்த்தம். வேதத்துல வர்ற ஈசாக்கு ஒரு கிணறு வெட்டினார். அந்த ஊர் மேய்ப்பருங்க எங்களோடதுன்னு சண்டைக்கு வந்தாங்க. அதுக்கு ஏசேக்குன்னு பேர் வெச்சார், வாக்குவாதம்னு அர்த்தம். விட்டுட்டு இன்னொண்ணு வெட்டினார். அதுக்கும் சண்டை. அது சித்னா, பகை. அதையும் விட்டுட்டுப் போய் மூணாவதா வெட்டினார். யாரும் வரலை. கடவுள் நமக்கு இடம் கொடுத்துட்டார்னு சொல்லி ரெகொபோத்னு பேர் வெச்சார். விட்டுக் கொடுக்கிறவங்களுக்குத்தாம்மா ஆசீர்வாதம்."

தைத்த துணியை வாங்க வந்து நின்றவர்கள் தலையாட்டினார்கள். தையல்காரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"அத்தான், முன்னறை முதல் கிணறு. படிக்கட்டு ரெண்டாவது. இது மூணாவது. சரிதானே?"

"அப்படியில்லைம்மா, சண்டை இல்லாத இடத்துக்குத்தான் அந்தப் பேரு..."

"நான் ஈசாக்குன்னா, நீங்க யாரு அத்தான்?"

அவர் சபையில் எத்தனையோ தடவை வாசித்த கதைதான். அதில் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று மட்டும் அவர் பார்த்ததே இல்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, கொட்டகை வாசலுக்கு மேலேயே பலகையை ஆணி அடித்து மாட்டினாள்.

"கழட்டணும்னா நீங்களே கழட்டுங்க. உங்க பேரும் சேர்ந்துதான் கீழே வரும்."

"கொட்டகையை அவங்களுக்கே விட்டுட்டீங்களா?" என்று கேட்டார் துணி வாங்க வந்த ஒருவர். "பெரிய மனசுங்க உங்களுக்கு!"

அவர் பலகையில் இருந்த தன் பெயரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா" என்றார்.