தெஹிவளையில் வாங்கிய சேலை

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நான் பிறர் உடுத்த சேலைகளை வாங்கி உடுத்தி வருகிறேன். விலைவாசி ஏறிய பிறகு வெள்ளவத்தைக் கடைகளில் நல்ல பருத்திச் சேலையைத் தொட்டுப் பார்க்கவே தயக்கமாக இருந்தது. கைத்தொலைபேசியில் பெண்கள் பழைய உடுப்புகளை விற்கும் பக்கம் ஒன்றில் அதே சேலை, நாலைந்து தரம் தோய்த்து மெத்தென்று ஆகி, எனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது. குறைகளும் உண்டு. சேலையோடு வரும் சட்டை ஒருபோதும் அளவாக இருக்காது. படத்தில் தெரியாத கறை வீட்டில் விரித்த பிறகுதான் தெரியும். சிலவற்றில் யாரோ பூசிய வாசனை எத்தனை தோய்த்தாலும் போகாது. அம்மா எதையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே என்னை உடுக்க விடுவார்.

எனக்குக் கலியாணம் பேசி முற்றானபோது, தாலிக்கு உடுக்கும் கூறைச் சேலையை என் விருப்பப்படி எடுக்கச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்டார்கள். அவர்களும் வசதியானவர்கள் அல்லர். அந்த நேரத்தில்தான் அந்தப் பக்கத்தில் அரக்கு நிறக் கூறை ஒன்று வந்தது. ஒருநாள் மட்டும் உடுத்தது என்று எழுதியிருந்தது. அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று என்னோடு பஸ் ஏறினார்.

விற்றவர் தெஹிவளையில் ஒரு தொடர்மாடியில் இருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், ஆசிரியை. கட்டிலில் கூறையை விரித்துக் காட்டினார். நான் அதை எடுத்து மடியில் வைத்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. ஏன் விற்கிறீர் என்று அம்மா கேட்டார்.

"அவர் தவறிப்போய் மூண்டு வருஷம், அன்ரி. நீங்கள் கேளாட்டியும் சொல்லத்தான் இருந்தனான்."

அப்பா தவறிய நாளிலிருந்து அம்மா சாம்பலும் வெளிர்நீலமும்தான் உடுத்தி வந்தார். அவர் என் மடியிலிருந்த கூறையை எடுத்து, மடிப்புக் குலையாமல் மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவர் கோபிக்கவில்லை. தனக்கு விளங்குகிறது என்று சொல்லி, தேநீர் போடப் போனார்.

தேநீர் குடித்தபிறகு அலுமாரியைத் திறந்து மற்றச் சேலைகளைக் காட்டினார். நான் இரண்டு எடுத்தேன். அம்மாவின் கை மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றில் நின்றது. அதை நீங்களே எடுங்கோ என்று அந்தப் பெண் சொன்னார்.

"நான் இப்ப நிறம் உடுத்திறேல்லைப் பிள்ளை."

"நானும் அப்பிடித்தான் எல்லாத்தையும் கட்டி வைச்சிருக்கிறன். நீங்கள் உடுத்தினால் எனக்குச் சந்தோஷம், அன்ரி."

அம்மா நெடுநேரம் அதன் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வாங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கோபமாக இருந்தேன். அந்தக் கூறையில் என்ன குற்றம் என்று கேட்டேன். கடற்கரைக்கு இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உனக்கு ஒண்டும் வராது, எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு உங்களுக்குள்ள ஒரு சின்னக் கரைச்சல் வந்தாலும், தாய் தன்னை மாதிரிப் புருஷனை இழந்த ஒருத்தியின்ரை கூறையை மகளுக்கு உடுத்திவிட்டவள் எண்டு சொல்லுவினம். அதைக் கேக்க என்னால ஏலாது."



கலியாணம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் புதிதாக எடுத்த மெல்லிய கூறையை உடுத்தினேன். அம்மா மயில்கழுத்துச் சேலையோடு வந்தபோது, புதிதா என்று பெரியம்மா கேட்டார். இல்லை, ஒரு பிள்ளை உடுத்தது என்று அம்மா அமைதியாகச் சொன்னார்.

தாலி கட்டும்போது அம்மா மண்டபத்தின் பின்பக்கம், ஒரு தூணோடு நின்றார். யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தானாகவே போய் நின்றார். தலைகளுக்கு இடையில் அந்த நிறம் மட்டும் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் அறுகம்புல் கலந்த அறுகரிசி போட்டு வாழ்த்தி முடிந்ததும் நான் மணவறையில் இருந்தபடியே அவரைக் கூப்பிட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி கூப்பிட்டேன். மாப்பிள்ளையும் எழும்பி நின்று கூப்பிட்டார்.

அம்மா வந்தார். அவர் கை நிறைய அள்ளிப் போட்ட அறுகரிசியில் பாதி என் மடியில் கொட்டுண்டது.