ஹெப்வொர்த் ஏன் முதலில் கத்துகிறார்?

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் எங்கள் தெரு வீடுகளுக்கு நடுவே சுவர் என்று இருப்பது பிஸ்கட் கனம்தான். பக்கத்து வீட்டு வில்ஃப் ஹெப்வொர்த் தும்மினால் எங்கள் வீட்டிலிருந்து லொரெய்ன் அத்தை வாழ்த்துச் சொல்லிவிடுவாள்.

வில்ஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு விடாமல் ஓட்டியது ஒரு சண்டையைத்தான்: டிவி லைசென்ஸ் கட்டமாட்டேன். டிவி பார்க்க இங்கே வீட்டுக்கு வீடு வருஷாவருஷம் கட்டும் கட்டணம் அது. நேரலையாக எதைப் பார்த்தாலும் கட்ட வேண்டும், பழைய வீடியோ கேசட் மட்டும் போட்டுப் பார்த்தால் வேண்டாம். சட்டம் அப்படி. நான் கேசட்தான் பார்க்கிறேன் என்பார். அத்தனை பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு கேசட்டாம் என்பாள் அத்தை. அவள் வருஷம் தவறாமல் கட்டுகிறவள். கட்டுகிறவர்களுக்குக் கட்டாதவர்களைக் கண்டால் வரும் எரிச்சல் தனி ரகம்.

வில்ஃபும் சளைத்தவரில்லை. கதவைத் தட்டுகிற எல்லாரும் அவருக்கு லைசென்ஸ் சோதிக்க வரும் ஆள்தான்: பார்சல்காரர், பாதிரியார், நான். கதவில் தபால் போடும் துளையின் மூடியை உள்ளிருந்து தூக்கி, வந்தவரின் காலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஒருநாள் அப்பாவின் பளபள பூட்ஸைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அன்று முழுக்க அந்த வீட்டில் விளக்கே எரியவில்லை.

அத்தைக்குத் துப்புக் கிடைத்தது இங்கிலாந்து ஆடிய கால்பந்துப் போட்டியன்று. எங்கள் டிவி இணையம் வழியாக வருவது, கொஞ்சம் தாமதம். எங்கள் திரையில் பந்து நடுக்கோட்டில் கிடக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் வில்ஃப், போட்டுட்டான்டா என்று கத்தினார். அப்புறம்தான் எங்கள் திரையில் கோல் விழுந்தது.

"கேட்டியாடா? இன்னிக்கு மேட்ச் கேசட்ல வருதாம்," என்றாள் அத்தை.

காலையில் முதல் வேலையாகப் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். புகார் போனால் நீதிமன்றம், அபராதம். அதைவிட, தெரு முழுக்கத் திருடன் என்ற பேர். கிழவர் அதைத் தாங்கமாட்டார் என்று தோன்றியது. நேரில் பேசினால் அத்தை இளகலாம். கையும் களவுமாகப் பிடிக்கலாம் வா என்று ஆசைகாட்டி, இடைவேளையில் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

துளையின் மூடி உயர்ந்தது. அத்தையின் முயல்காதுச் செருப்பு அவரைக் குழப்பியிருக்க வேண்டும்.

"வில்ஃப், கதவைத் திற. உன் டிவியில என்ன ஓடுதுன்னு பாக்கணும்."

"யாரும்மா உன்னை அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. நாளைக்கு நான்தான் ஆள் அனுப்பப் போறேன்."

பிறகு தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகின.

திரையில் மேட்ச் இல்லை. பழைய கேசட் ஒன்று ஓடியது: ஏதோ ஒரு சங்கக் கூடத்தில், எப்போதோ இறந்துபோன அவர் மனைவி எட்னா நீலக் கவுனில் ஆடிக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். அலமாரி மேல் பழைய ரேடியோ ஒன்று முதல் பாதியை அலசிக்கொண்டிருந்தது. ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டாம். எங்கள் டிவியை முந்திக்கொண்டும் வரும்.

"வர்ற ஆளுங்ககிட்ட இதைக் காட்டித் தொலைச்சிருக்கலாமே?" என்றாள் அத்தை.

"எட்னாவை அவங்க எதுக்குப் பாக்கணும்?" என்றார் வில்ஃப்.

அத்தை டிவிக்குப் பின்னால் குனிந்து ஆன்டெனா ஒயரைத் தேடினாள். இல்லை. ரேடியோவையும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு டிவியை அணைத்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினாள்.