போடாத படத்தின் கதை

நான் ஒரு சந்தேகப் பிராணி. மறைத்துப் பயனில்லை, என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். காய்க்காரர் கூப்பிட்டு இரண்டு தக்காளி ஜாஸ்தி போட்டால், பையைக் கவிழ்த்து அடியில் அழுகல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். கீழ்பென்னாத்தூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பரீட்சை அறையில் அக்கம்பக்கம் பார்க்கிற பிள்ளையைக்கூட விட்டுவிடுவேன்; தலை நிமிராமல் எழுதுகிற பிள்ளையின் பக்கத்தில்தான் போய் நிற்பேன்.

அப்படிப்பட்டவள் எங்கள் தெரு மருந்துக்கடைச் சுவரில் ஒரு தாளைப் பார்த்தேன். திரைப்படக் கழகம், உலகப் படங்கள், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மாலை, அனுமதி இலவசம். இலவசம் என்ற சொல் உறுத்தியது. எங்கள் ஊரில் இலவசத்துக்குப் பஞ்சமில்லை. கிரிவலப் பாதையில் சாப்பாடு, மோர், சுக்குக் காப்பி எல்லாம் கொடுப்பார்கள். ஆனால் கொடுக்கிறவரின் கைகூப்பிய போட்டோவோடு ஆளுயர பேனர் இருக்கும். இந்தத் தாளில் போட்டோவும் இல்லை, பேரும் இல்லை. மனை விற்கப் போகிறார்களா, யோகா வகுப்பில் சேர்க்கப் போகிறார்களா என்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஒரு சங்கத்துக்குச் சொந்தமான கல்யாண மண்டபம். அதன் மாடியில் சாப்பாட்டுக் கூடம்தான் தியேட்டர். மேசைகளை மடித்து ஓரத்தில் சாய்த்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். சுவரில் வேட்டி மாதிரி ஒரு வெள்ளைத்துணி. காலையில் நடந்த கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. நடத்துகிறவர் சென்னையிலிருந்து வந்து அடி அண்ணாமலையில் வீடெடுத்திருந்த ஒரு தாடிக்காரர், வயது நாற்பதுக்குள். மண்டபத்துச் செயலாளர் இடத்தைச் சும்மாதான் கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை, மண்டபத்தின் மரியாதைக்குக் குறைவாக எதுவும் காட்டக் கூடாது. பௌர்ணமியை ஒட்டி ஞாயிறு வந்தால் படம் கிடையாது, கூடம் முழுக்கக் கிரிவலத்துக்கு வந்தவர்கள் படுத்திருப்பார்கள்.

படம் முடிந்ததும் தாடிக்காரர் எதையாவது விற்பார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். அடுத்த தடவை விற்பார் என்று மறுபடியும் போனேன். இப்படிச் சந்தேகத்திலேயே நாலைந்து படம் பார்த்துவிட்டேன். அதற்குள் அந்த ஞாயிறு சாயங்காலம் என்னுடையதாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். ஓய்வு பெற்ற பிறகு என் நாள் முழுக்க வீட்டுக்கே சொந்தம். இது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

ஆசிரமத்துப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவளுக்குத் தெரிந்த தமிழும் சேர்ந்து ஒரு முழு மொழி ஆகாது, ஆனாலும் பேசுவோம். கடைசி வரிசையில் சஃபாரி சட்டை போட்ட ஒருவர் உட்காருவார். விளக்கை அணைத்த பிறகு வருவார், படம் முடியும் முன்பே எழுந்து போய்விடுவார், யாரோடும் ஒரு வார்த்தை பேசமாட்டார். இவர் யாருக்கோ ஆள்காட்டி வேலை பார்க்கிறார் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வரமாட்டார். அவருக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் உரக்கடை. "கீழ எழுத்து ஓடுற படமெல்லாம் நமக்கு ஆவாது. படம் பாக்கறதா, பாடம் படிக்கிறதா? நீ போயிட்டு வந்து கதை சொல்லு" என்பார். எங்கள் பக்கம் வீடுகளில் இது வழக்கம்தான். ஒருவர் படம் பார்த்துவிட்டு வந்தால் பார்க்காதவர்களுக்கு முழுக் கதையும் சொல்லியாக வேண்டும். சுருக்கினால் விடமாட்டார்கள். யார் முதலில் அழுதது, அவள் என்ன கலரில் உடுத்தியிருந்தாள், பின்னால் ஆடு மாடு நின்றதா, எல்லாம் வேண்டும். நான் தோசை ஊற்றிக்கொண்டே சொல்ல, அவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்பார். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு ஞாயிறு புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. தாடிக்காரர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். துணியில் நீல வெளிச்சம் மட்டும் விழுந்தது. யாரும் எழுந்து போகவில்லை. யாரோ கீழே போய் டீயும் போண்டாவும் வாங்கி வந்தார்கள். வெள்ளைக்கார அம்மாள் தன் ஊர்க் கல்யாணத்தில் ஆடும் ஆட்டத்தை ஆடிக் காட்டினாள். தாடிக்காரர் தான் வாழ்க்கையில் முதல்முதலாகச் சாம்பார் வைத்த கதையைச் சொன்னார், எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அப்படிச் சிரித்து எத்தனை காலமோ ஆகியிருந்தது.

நான் வந்ததும் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டார். "என்னா படம் இன்னிக்கி?"

படம் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி தெரியும். படம் இல்லாத இடத்தில் இவ்வளவு நேரம் என்ன வேலை? அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல எனக்கு மனசில்லை. அதனால் ஒரு படத்தை நானே எடுத்தேன். அவருடைய சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் கறிச்சோற்றுக்காக நடந்த சண்டையை எடுத்து, கடல் நடுவே ஒரு தீவுக்கு அனுப்பினேன். சித்தப்பாவுக்குக் கோட்டு மாட்டினேன். மகள் ஆசையாக வளர்த்த ஆட்டுக்குட்டி, அதன் கழுத்தில் நீல ரிப்பன். அப்பா அதையே வெட்டிக் கல்யாண விருந்து வைக்கிறார். மகள் ஊரார் முன்னால் சாராயப் பாட்டிலை அவர் தலையில் கவிழ்க்கிறாள்.

"பெத்த அப்பன் தலையிலயா?" என்று வாயைப் பிளந்தார். தோசை கருகியது, இருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரத்தில் தாடிக்காரர் எல்லாருக்கும் போன் செய்தார். மண்டபத்தில் பிரச்சினை, உடனே வாருங்கள் என்றார். போனோம். செயலாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வயதானவர், கடுகடு ஆசாமி இல்லை. அவருக்கே சங்கடமாக இருந்தது.

"தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க படத்த பத்தி ஒருத்தர் வந்து சொல்லிட்டாரு. இனிமே இங்க வேணாங்க."

யார் சொன்னது என்று நாங்கள் கேட்டோம். "அத மட்டும் கேக்காதீங்க. பொய் சொல்ற ஆளு இல்ல, அவ்ளோதான் சொல்லுவேன்" என்றார்.

எல்லார் கண்ணும் சஃபாரி சட்டைக்காரர் மேல் போனது. என் கண்தான் முதலில் போனது. அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் எதுக்கு சார் சொல்றேன்? சேத்துப்பட்டு போற கடைசி பஸ்ஸ விட்டா எனக்கு வேற வண்டி கெடையாது. அதுக்குத்தான் சீக்கிரம் எழுந்து போறேன்" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நம்பவில்லை.

தாடிக்காரர் செயலாளரிடம், "எந்தப் படத்துல என்ன தப்புன்னு சொல்லுங்க ஐயா" என்றார்.

"பொண்ணு பெத்த அப்பன் தலையில சாராயத்த ஊத்துதாமே. கல்யாண மண்டபத்துல போடுற படமாங்க அது? பாசமா வளத்த ஆட்டக் கறி போட்டுட்டாங்களாம். ஆட்டுக் கழுத்துல நீல ரிப்பன் கட்டி இருந்தது மொதக்கொண்டு சொல்றாரு. கண்ணால பாக்காமயா சொல்லுவாரு?"

அப்படி ஒரு படத்தை நாங்கள் போடவே இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் மட்டும் பேசவில்லை. விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இது தெரியும். இரண்டு பேர் ஒரே சரியான விடையை எழுதினால் அதில் ஒன்றுமில்லை. ஒரே தப்பை எழுதினால், ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதியிருக்கிறான். அந்த நீல ரிப்பன் என் தப்பு. அதை நான் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லியிருந்தேன். செயலாளருக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிற நிலம் உண்டு, அதற்கு ஜிப்சம் உரம் வாங்குவது எங்கள் கடையில்.

"சொன்னவரே வந்து இல்லன்னு சொல்லட்டும், நான் சாவிய குடுத்துடறேன்" என்று முடித்தார் செயலாளர்.

எல்லாரும் மறுபடி சஃபாரி சட்டைக்காரரைப் பார்த்தார்கள். "அவர் இல்லைங்க" என்றேன். எப்படித் தெரியும் என்றார்கள். தெரியும் என்றேன்.

வீட்டில் அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மண்டபத்துல போய் சொன்னது நீங்கதான?"

"எந்த மண்டபம்?"

"ஆட்டுக்குட்டி. நீல ரிப்பன்."

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அதற்குமேல் மழுப்பவில்லை. "ஆமா. நான்தான் சொன்னேன்."

"ஏங்க?"

ரிமோட்டைக் கீழே வைத்தார். "அன்னிக்கி நீ வந்த மாதிரி எப்பவும் வந்ததில்ல. மொகமெல்லாம் சிரிப்பு. ஆட்டோக்காரனப் பாத்துகூட சிரிச்சிட்டு எறங்கின. நான் கடையில இருந்து வரப்ப ஒரு நாளாவது அப்டி சிரிச்சிருக்கியா? அங்க என்னமோ இருக்குதுன்னு பட்டுச்சி. படம் போடறது நின்னுட்டா சரியாப் போவும்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கூடவே அவர் மேல் பாவமாகவும் இருந்தது, அதுவும் என்னைக் கோபப்படுத்தியது. நாளைக்கே போய் அது பொய் என்று செயலாளரிடம் சொல்லுங்கள் என்றேன்.

"நீ சொன்னதத்தான் நான் சொன்னேன். இதுல பொய் எங்க இருக்குது? என்னை எதுக்கு பொய்யன்னு ஒத்துக்கச் சொல்ற?"

அவர் அப்படித்தான். எடையில் ஒரு கிராம் கம்மியாக நிறுத்ததில்லை, செய்யாததைச் செய்தேன் என்றும் சொல்லமாட்டார். படம் இல்லை என்று தெரிந்தால் மட்டும்தான் போவார். அதைச் சொல்ல வேண்டியவள் நான். சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அந்த மாதிரி படமே போடலீங்க. அன்னிக்கி மிஷின் ஓடல. கதைய நான் கட்டினேன். அது உங்க சித்தப்பா வீட்டுக் கல்யாணம்."

சித்தப்பா பேர் வந்ததும் சிரித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப அவ்ளோ நேரம் அங்க என்ன பண்ண?"

"டீ குடிச்சிட்டு பேசிட்டிருந்தோம்."

"யார் யாரு?"

சொன்னேன்.

"வெறும் பேச்சுக்கா ஒரு முழுக் கதைய கட்டின?"

"இப்டி கேப்பீங்கன்னுதான் கட்டினேன்."

"அப்ப மத்த படமெல்லாம்?"

"எல்லாம் பாத்ததுதாங்க."

சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். காப்பி அடிக்கவில்லை டீச்சர் என்று பிள்ளைகள் சொல்லும்போது நான் ஆட்டியது அதுதான்.

மறுநாள் காலையில் கடைக்குப் போகும் வழியில் மண்டபத்துக்குப் போனார். காதில் விழுந்ததைத் தப்பாகச் சொல்லிவிட்டதாகச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். என்னை விட்டுக்கொடுக்கவில்லை. மத்தியானமே தாடிக்காரருக்குச் சாவி கிடைத்துவிட்டது. எல்லாரும் எனக்குப் போன் செய்து, என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டார்கள்.

அடுத்த படத்தன்று அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வரேன்." வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, அசடு மாதிரி, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் பக்கத்தில் உட்காருவார் என்று ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்தேன். "எனக்குக் காத்து வேணும்" என்று பின்னால் கதவோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய படம் அது. ஆரம்பம் நல்ல வேடிக்கை. கொஞ்ச நேரம் கழித்து, இவருக்குப் பிடிக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். திரையின் வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பார்வை என் முதுகில் விழுகிற மாதிரியே இருந்தது. வெள்ளைக்கார அம்மாள் என் காதில் ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை.

முடிந்ததும் கீழே வந்தோம். மண்டபத்து வாசலில் அவர் வண்டியை எடுத்தார். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"இன்னிக்கி நீங்கதான பாத்தீங்க. நீங்க கதை சொல்லுங்க" என்றேன்.

சாவியைப் போட்டார், திருகவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"நீ ரெண்டு வாட்டி சிரிச்ச" என்றார். "அப்புறம் திரும்பி என்னைப் பாத்த. அதுக்கப்புறம் நீ சிரிக்கவே இல்ல."