பார்த்துச் செய்யாத மகள்

எங்கள் மகள் மூன்று வயதிலும் டாட்டா காட்டவில்லை. நாங்கள் கைதட்டினால் தட்டமாட்டாள், சிரித்தால் சிரிக்கமாட்டாள். எண்பதுகளின் நடுவில் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் ஒரு வயதான டாக்டரிடம் காட்டினோம். அவர் பிள்ளையை ஐந்து நிமிடம் பார்த்தார். மீதி நேரமெல்லாம் என் மனைவியைத்தான் பார்த்தார்.

"குழந்தை பிறந்து எத்தனை மாசத்துல வேலைக்குப் போனீங்க?"

"ரெண்டு மாசம், டாக்டர்."

"அதான். தாய்ப்பாசம் கிடைக்கலைன்னா பிள்ளை இப்படித்தான் ஆகும்."

மறுவாரமே அவள் புக்கிட் தெங்காவில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டாள். தூக்கினாலே உடம்பை விறைத்துக்கொண்டு அலறும் பிள்ளையை, அலற அலற அணைத்துக்கொண்டே இருப்பாள். நானும் டாக்டர் சொன்னதை நம்பினேன். ஒருமுறை கோபத்தில் அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியும் விட்டேன்.

மகளுக்குப் பதினாறு வயதானபோது, தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் இளம் டாக்டர் வேறு விளக்கம் சொன்னார். ஒருவர் கடலையை எடுப்பதைக் குரங்கு பார்த்தாலே, தானே எடுத்ததுபோல அதன் மூளையில் சில செல்கள் துடிக்குமாம். மனிதருக்கும் அவை இருக்கலாம், எங்கள் மகளைப் போல ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அவை சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்களாம்.

"இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு லா, அங்கிள். ஆனா ஆன்ட்டி மேல தப்பே இல்ல. அந்தப் பழைய பேச்சை எப்பவோ விட்டுட்டாங்க."

"எப்பவோன்னா? அந்த டாக்டர் எங்கிட்ட சொன்னதுக்கு முன்னாலயா?" என்றாள் மனைவி.

"ஆமா, ஆன்ட்டி" என்றார் இளம் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில், "அன்னிக்கி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீங்க ஒரு தடவைதான் சொன்னீங்க. நான் எனக்கே தினமும் சொல்லிக்கிட்டேன்" என்றாள்.

மறுநாள் முதல், துறைமுக வேலைக்குக் கிளம்புமுன் மகள் எதிரே உட்கார்ந்து கரண்டியை எடுத்தும் வைத்தும் காட்டினேன். அந்தச் செல்களை எழுப்பிவிடலாம் என்று நினைப்பு. ஓராண்டு ஆனது. அவள் கை மடியைவிட்டு எழவில்லை.

"விடுங்க, அவளுக்குப் புடிக்கல" என்று மனைவிதான் கரண்டியை வாங்கி வைத்தாள்.

பல ஆண்டுகள் கழித்து அதே டாக்டரிடம் அந்தச் செல்களைப் பற்றிக் கேட்டேன்.

"அது அவ்வளவு சுலபமில்ல, அங்கிள். மனுஷனுக்கு அதால என்ன வேலைன்னே இன்னும் சண்டை போடுறாங்க. இவங்களுக்கு அதுலதான் கோளாறுன்னு சொன்னதையும் நிறைய பேரு இப்ப ஒத்துக்கிறதில்ல."

"அப்போ என்னதான் காரணம்?"

"முழுசாத் தெரியல, அங்கிள்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இப்போது நாங்கள் பேசுவதெல்லாம் எங்களுக்குப் பிறகு மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். இவளைப் போன்றவர்களுக்கான இரண்டு இல்லங்களில் விசாரித்தோம். இடமில்லை என்றார்கள்.